முகாமுக்கு வராதவர்கள்

1970களில் தென்தமிழகத்துக் கிராமத்தில் கண்புரை முற்றிய ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகச்சிறந்த வைத்தியம் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியில் போய் முடியும். புரையேறிய லென்ஸை உறையோடு முழுதாக எடுத்துவிட்டு, தலையை ஆட்டக்கூடாது என்று பல நாள் படுக்க வைப்பார்கள். எடுத்த லென்ஸின் வேலையைக் கண்ணுக்கு வெளியிலிருந்து செய்ய, பத்து பவர் அளவில் ஒரு தடித்த கண்ணாடி தருவார்கள். அதைப் போட்டால் பொருள்கள் கால்பங்கு பெருத்துத் தெரியும். ஓரங்கள் வளையும். வாசற்படி ஓரிடத்தில் இருக்கும், கண் காட்டுவது வேறிடமாக இருக்கும். கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டால், இவ்வளவு பாடுபட்டு அறுவை செய்துகொண்டவர் மறுபடியும் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இந்த அரைகுறைப் பார்வைகூடப் பெரும்பாலானோரை எட்டவில்லை. நாட்டில் கண் மருத்துவத் திறமைக்குப் பஞ்சம் இருந்தது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819லேயே தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. கண்புரையைக் கருவியால் விலக்கும் முறையைச் சுஸ்ருதர் பெயரில் வழங்கும் நூல் பேசுகிறது. தேர்ந்த கைகள் நகரத்தில் இருந்தன, புரை விழுந்த கண்கள் கிராமத்தில் இருந்தன. நடுவில் இருந்த தூரத்தைக் கடப்பது யார் பொறுப்பு என்பதுதான் தீராத கேள்வி. 1976இல் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில், 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கு அரவிந்த் என்று பெயர்.

அதைத் தொடங்கியவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 58 வயதில் அரசுப் பணியிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஊழியர்களுக்கும் பிறகு உலகத்துக்கும் அவர் ‘டாக்டர் வி’. 1918இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து அயன் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது கடுமையான முடக்குவாதம் தாக்கி, விரல்களை நிரந்தரமாக வளைத்துவிட்டது. பிரசவம் பார்க்கும் கனவைக் கைவிட்டு, கண் மருத்துவத்துக்கு வந்தார். வளைந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார்.

1956இல் மதுரை அரசு மருத்துவமனைக்கு வந்த அவர், 1960களிலேயே ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தினார். பள்ளிக்கூடத்தையே அறுவைக்கூடமாக மாற்றி, பெஞ்சுகளின் மேல் அறுவை நடந்த காலம் அது. ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையை நிரந்தர அமைப்பாக்க நினைத்தபோது வங்கிக் கடன் கிடைக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்தார்கள், குடும்பத்தார் நகைகளை அடகு வைத்தார்கள். தங்கை ஜி. நாச்சியாரும் அவர் கணவர் பி. நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்களாகச் சேர்ந்துகொள்ள, தம்பி ஜி. சீனிவாசன் கட்டடப் பொறுப்பை ஏற்றார்.

முதல் நாளிலிருந்தே ஒரு விதி இருந்தது. 11 படுக்கைகளில் பாதிக்கு மேல் பணம் தர இயலாதவர்களுக்கு. கட்டணம் கட்டுபவரின் பணத்தில் இரு தரப்புக்கும் வைத்தியம் நடக்க வேண்டும், நன்கொடையை நம்பி அன்றாடம் ஓடக்கூடாது. யார் ஏழை என்று விசாரிப்பதில்லை, வருமானச் சான்று கேட்பதில்லை. கட்டணப் பிரிவுக்குப் போவதா இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை வருபவரே முடிவு செய்துகொள்ளலாம். மருத்துவர்கள் இரு பிரிவுக்கும் மாறிமாறிப் போவார்கள். அறைக்கும் படுக்கைக்கும் வித்தியாசம் உண்டு, கண்ணுக்குச் செய்யும் வேலைக்கு வித்தியாசம் கிடையாது.

இந்த விதி நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆனால் நிர்வாகத்தின் போக்கையும் இதுவே தீர்மானித்தது. இலவச நோயாளி அதிகமாக அதிகமாக, ஒரு அறுவைக்கு ஆகும் செலவு குறைந்துகொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். தரமும் குறையக்கூடாது, குறைந்தால் கட்டணம் கட்டுபவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார். செலவையும் தரத்தையும் ஒரே நேரத்தில் கவனித்தாக வேண்டிய இந்த நெருக்கடி, அடுத்த நாற்பது ஆண்டுகளில் அங்கே பிறந்த ஒவ்வொரு புதுமைக்கும் காரணமாக இருந்தது.

முதல் புதுமை அறுவைக்கூடத்துக்குள் நடந்தது. ஒரு கண் அறுவையில் மருத்துவரால் மட்டுமே முடிகிற வேலை சில நிமிடங்கள்தான். நோயாளியைத் தயார் செய்வது, மருந்து விடுவது, கருவிகளை எடுத்துத் தருவது, கட்டுப் போட்டு அனுப்புவது எல்லாம் பயிற்சி பெற்ற பிறர் செய்யக்கூடியவை. எனவே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் போடப்பட்டன. ஒன்றில் அறுவை நடக்கும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணைத் தொடங்குவார். அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகள் எங்கும் ஒரே தரத்தில் ஒரே பொருளைத் தருவதைப் பார்த்து, கண் சிகிச்சையையும் அப்படித் தர முடியாதா என்று டாக்டர் வி கேட்டது பல மேலாண்மை வகுப்புகளில் சொல்லப்படும் கதை. அந்த ஒழுங்கை மதுரையில் நடத்திக் காட்டியவர்கள், கிராமங்களிலிருந்து வந்த பெண்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த, 17, 18 வயதுப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி தந்தார்கள். இந்தப் பயிற்சியைக் கட்டி எழுப்பியதில் நாச்சியாரின் பங்கு பெரியது. பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, அறுவைக்கு உதவுவது, பயந்தவருக்கு எடுத்துச் சொல்வது என்று ஒவ்வொருவரும் ஒரு வேலையில் தேர்ச்சி பெற்றார்கள். நோயாளிகள் அவர்களை ‘சிஸ்டர்’ என்றே கூப்பிடுவார்கள். ஊழியர்களில் மிகப் பெரும்பகுதி அவர்கள்தான். இந்த ஏற்பாட்டால் அரவிந்தில் ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2000 கண்புரை அறுவைகள் செய்ய முடிந்தது. நாட்டின் சராசரி அதில் சிறு பங்குதான்.

கட்டடம் வளர்ந்தது. 1981இல் 250 படுக்கைகளுடன் பெரிய மருத்துவமனை, 1984இல் 350 படுக்கைகளுடன் இலவச மருத்துவமனை, பிறகு தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி. மேசை இருந்தது, மருத்துவர் இருந்தார், சிஸ்டர்கள் இருந்தார்கள். ஆனாலும் கிராமத்தில் புரை விழுந்து கிடந்த பலர் வரவில்லை. அறுவை இலவசம் என்று ஊருக்குள் மைக் கட்டிச் சொன்ன பிறகும் வரவில்லை.

பெரும்பாலான அமைப்புகள் இந்த இடத்தில் மக்களின் அறியாமையைக் குறை சொல்லி நின்றுவிடும். மதுரையில் அதை ஓர் ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். சேவா அறக்கட்டளையைச் சேர்ந்த கிரிஜா பிரில்லியண்ட் முதலானோருடன் சேர்ந்து, சுற்றுவட்டாரக் கிராமங்களைக் குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். சில ஊர்களில் அறுவை மட்டும் இலவசம். சில ஊர்களில் போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்து இலவசம். செய்தி சொல்லும் முறையையும் மாற்றிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஒலிபெருக்கி, ஓரிடத்தில் வீடு வீடாகப் போகும் பணியாளர், ஓரிடத்தில் ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற உள்ளூர்க்காரரே கதவைத் தட்டுவார்.

இலவசம் என்பது நோயாளிக்கு இலவசமாக இல்லை என்று ஆய்வு காட்டியது. பஸ் டிக்கெட் இரண்டு பேருக்கு. கூட வரும் மகனுக்கோ மகளுக்கோ பல நாள் கூலி போகும். நகரத்தில் சாப்பாட்டுக்குச் செலவாகும். இவற்றையும் ஏற்றுக்கொண்ட ஊர்களிலிருந்து அதிகம் பேர் வந்தார்கள். பார்வை திரும்பிய ஒருவர் வந்து பேசிய இடங்களில் பயம் குறைந்தது. வயதாகிவிட்டது, இனிமேல் எதற்குக் கண் என்று ஒதுங்கியிருந்த முதியவர்கள் தங்களைப் போன்ற இன்னொரு முதியவர் சொன்னால் கேட்டார்கள்.

இதன் பிறகு முகாமின் வடிவம் மாறியது. முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை மருத்துவமனையில். அறுவை தேவைப்படுபவரை அன்றே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்து, தங்க வைத்து, சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, திரும்பவும் ஊரில் இறக்கிவிடும் முறை நிலைபெற்றது. ஆட்களைத் திரட்டுவதும் இடம் ஏற்பாடு செய்வதும் உள்ளூர் அரிமா சங்கம், ரோட்டரி சங்கம், ஆலை, கோயில் அறக்கட்டளை போன்றவற்றின் பொறுப்பு. அந்த ஊரின் பெயரைச் சொல்லி அழைக்க அந்த ஊர்க்காரர்களால்தான் முடியும் என்று அமைப்பு கண்டுகொண்டது.

அடுத்த தடை லென்ஸ். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறையை லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி 1949 நவம்பரில் தொடங்கி வைத்தார். போர் விமானங்களின் கூண்டுக் கண்ணாடிச் சில்லு விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தும் அழற்சி ஏற்படவில்லை என்ற கவனிப்பிலிருந்து அவருக்கு அந்தப் பொருள் கிடைத்தது. மருத்துவ உலகம் அவரை ஏற்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1980களில் பணக்கார நாடுகளில் அது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. ஆனால் ஒரு லென்ஸின் விலை 100 டாலரைத் தாண்டியது. வளரும் நாடுகளுக்கு இது ஆகாது, அங்கே தடித்த கண்ணாடியே போதும் என்று சர்வதேச மருத்துவ உலகில் பலரும் வாதிட்டார்கள். எண்ணிக்கைதான் முக்கியம், ஒருவருக்கு லென்ஸ் வைக்கும் செலவில் பலருக்குப் பழைய முறையில் அறுவை செய்யலாமே என்பது அவர்கள் கணக்கு.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றிய அந்தக் கணக்கு ஒன்றை மறந்துவிட்டது. சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஊர் திரும்பியவர் தடுமாறி நடப்பதை அண்டை வீட்டுக்காரர் பார்க்கிறார். அவர் ஏன் முகாமுக்கு வருவார்? புரை முற்றட்டும், முழுதாகத் தெரியாமல் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது பழைய அறுவையைப் பொறுத்தவரை சரியான முடிவும்கூட. லென்ஸ் வைத்தால் ஆளுக்கு நல்ல பார்வை, ஊருக்கு நல்ல சாட்சி.

நன்கொடையாக வந்த லென்ஸ்களை வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். கட்டணப் பிரிவில் லென்ஸ், இலவசப் பிரிவில் கண்ணாடி என்று ஒரே கூரையின் கீழ் இரண்டு தரம் உருவாகிக்கொண்டிருந்தது. கண்ணுக்குச் செய்யும் வேலையில் வித்தியாசம் இல்லை என்ற முதல் நாள் விதிக்கு இது நேர் எதிர். வெளியில் வாங்கவும் முடியாது, வாங்காமல் இருக்கவும் முடியாது என்ற நிலையில் மருத்துவமனை ஒரு தொழிற்சாலை தொடங்கத் துணிந்தது. உற்பத்தியில் அனுபவமே இல்லாத ஓர் அமைப்புக்கு அது பெரிய சூதாட்டம். 1992இல் மதுரையில் ஆரோலேப் பிறந்தது. அமெரிக்கச் சமூகத் தொழில்முனைவர் டேவிட் கிரீன் தொழில்நுட்பத்தைத் தேடிப் பிடித்து வாங்கித் தர உதவினார். வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகள் தொடக்க முதலுக்குக் கைகொடுத்தன. பொறியியல் ஆராய்ச்சியாளரான பி. பாலகிருஷ்ணன் பொறுப்பேற்றார்.

சுமார் 10 டாலருக்கு விற்கத் தொடங்கிய லென்ஸ், சில ஆண்டுகளில் 5 டாலருக்கும் கீழே வந்தது. மருத்துவமனை தன் தேவைக்கு மட்டும் செய்துகொள்ளாமல் யார் கேட்டாலும் விற்கும்படி ஆரோலேப் தனி அறக்கட்டளையாக அமைந்தது. இன்று 100க்கு மேற்பட்ட நாடுகளுக்கு அதன் லென்ஸ்கள் போகின்றன. உலக வங்கிக் கடனோடு 1994 முதல் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டத்தின் காலத்தில், லென்ஸ் வைக்கும் அறுவை இந்தியா முழுவதும் வழக்கமானது. வளரும் நாடுகளுக்கு ஆகாது என்ற வாதம் பத்தாண்டுக்குள் பேச்சிலிருந்தே மறைந்தது. லென்ஸுக்குப் பிறகு தையல் நூல், கண் மருந்து, அறுவைக் கத்தி என்று ஆரோலேப் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தது.

தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் அமைப்பு நிதானம் காட்டியது. 1990களில் பாக்கோ என்ற ஒலியலை முறை உலகெங்கும் பரவியது. இயந்திரத்தின் விலை அதிகம், ஒவ்வோர் அறுவைக்கும் உதிரிச் செலவு உண்டு. அதே நேரத்தில், கையாலேயே சிறு துளை இட்டுத் தையல் போடாமல் புரையை எடுக்கும் முறையும் இந்தியாவிலும் நேபாளத்திலும் மெருகேறி வந்தது. அரவிந்த் இரண்டையும் வைத்துக்கொண்டது. கட்டணப் பிரிவில் பெரும்பாலும் பாக்கோ, இலவசப் பிரிவில் பெரும்பாலும் கையால் செய்யும் தையலில்லா அறுவை. இது மீண்டும் இரண்டு தரம் ஆகிவிடாதா என்ற கேள்விக்கு அமைப்பின் மருத்துவர்கள் ஆய்வுகளால் பதில் தேடினார்கள். நன்கு முற்றி வெளுத்த புரையில் இரு முறைகளும் கிட்டத்தட்ட ஒரே பார்வையைத் தருகின்றன, கையால் செய்வது விரைவாக முடிகிறது என்று அரவிந்த் மருத்துவர்கள் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது.

வேகமாகச் செய்தால் தரம் கெடும் என்ற சந்தேகம் எவருக்கும் வரும். அதற்கு அங்கே கிடைக்கும் விடை கணக்கேடு. ஒவ்வொரு மருத்துவரின் அறுவையிலும் எத்தனை சிக்கல் நேர்ந்தது என்று தொடர்ந்து பதிவாகிறது. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வரும் கிருமித்தொற்று அரிதானது, வந்தால் பார்வையையே பறிக்கக்கூடியது. அறுவையின் முடிவில் மாக்ஸிபிளாக்ஸசின் என்ற மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தினால் அது குறையுமா என்று ஆராய்ந்த அரவிந்த் மருத்துவர்கள், 6 லட்சம் அறுவைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். தொற்று விகிதம் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இவ்வளவு அரிய நோயில் ஒரு மருந்தின் பலனை நிறுவ இப்படிப்பட்ட பெரும் எண்ணிக்கை தேவை. கூட்டம் அங்கே ஆராய்ச்சிக்கும் மூலதனமாயிற்று. 2017இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, அரவிந்தில் ஒரு பாக்கோ அறுவையால் வெளியாகும் கரியமில வாயு பிரிட்டனில் ஒன்றுக்கு ஆவதில் சுமார் 5 சதவீதம்தான் என்று கணக்கிட்டது. பலமுறை பயன்படும் கருவிகளும் வீணாக்காத பழக்கமும் அதற்குக் காரணங்கள்.

மேலாண்மை உலகம் இதைச் சீக்கிரமே கவனித்தது. ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் வி. கஸ்தூரி ரங்கன் 1993இல் எழுதிய பாடம் பல நாட்டு வகுப்பறைகளில் படிக்கப்பட்டது. கோவையில் பிறந்த சி.கே. பிரகலாத், அடித்தட்டு மக்களுக்கான வணிகம் பற்றிய தம் 2004ஆம் ஆண்டு நூலில் அரவிந்தை முக்கிய எடுத்துக்காட்டாக வைத்தார். ஆனால் அமைப்பு எடுத்த முடிவுகளில் வணிகப் பள்ளிகளுக்கு மிகவும் விநோதமாகப் பட்டிருக்கக்கூடியது, தன் முறைகளைத் தானே பிறருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். 1990களில் அரிமா சங்கங்களின் உதவியோடு லைகோ என்ற பயிற்சி நிறுவனம் மதுரையில் எழுந்தது. ஆர்.டி. துளசிராஜ் அதை வழிநடத்தினார். இந்தியாவிலிருந்தும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகளின் மருத்துவர்களும் நிர்வாகிகளும் வந்து, மேசை அமைப்பிலிருந்து கணக்கு எழுதும் முறைவரை கற்றுக்கொண்டு போனார்கள். நோக்கம் பார்வையிழப்பைக் குறைப்பது என்றால், பக்கத்து ஊர் மருத்துவமனை நன்றாக நடப்பதும் இவர்களுடைய வேலைதான். அப்படித்தான் அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

அமைப்பு புகழின் உச்சிக்கு ஏறிய வேளையில் ஓர் ஆய்வு முடிவு வந்தது. 1999இல் வெளியான அந்த ஆய்வின்படி, முகாம்கள் நடக்கும் கிராமங்களிலும் கண்ணில் குறை உள்ள பெரியவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்திருந்தார்கள். பல பத்தாண்டு உழைப்பில் மெருகேறிய முகாம் முறைக்கு இது பலத்த அடி. வெற்றி பெற்ற முறையைக் கைவிட எந்த அமைப்புக்கும் மனம் வராது, அதுவும் உலகமே வந்து பார்த்துப் பாராட்டும்போது. அரவிந்த் முகாமைக் கைவிடவில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி இருப்பதைக் கைவிட்டது.

முகாம் ஆண்டில் ஒரு நாள் வரும். கண் உறுத்தல் வேறொரு நாள் வரும். இந்த இடைவெளியை நிரப்ப, 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரமான ‘விஷன் சென்டர்’கள் திறக்கப்பட்டன. ஒரு சிறு கட்டடம், பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டர், ஒரு பரிசோதனைக் கருவி, கண்ணாடிக் கடை. மருத்துவர் அங்கே இல்லை, பெரிய மருத்துவமனையில் திரைக்கு அப்பால் இருக்கிறார். கிராமத்தில் இணையம் கிடையாத அந்தக் காலத்தில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தேனி வட்டாரத்தில் நெடுந்தூர வைஃபை இணைப்பை அமைத்துத் தந்தார்கள். சிஸ்டர் பரிசோதிப்பார், மருத்துவர் காணொளியில் நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். மிகச் சிறிய கட்டணம். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே வேலை முடிந்துவிடும். இன்று இத்தகைய மையங்கள் 100ஐத் தாண்டிவிட்டன.

எல்லாம் இலகுவாக நடந்துவிடவில்லை. இந்த வேகத்தின் சுமை பெருமளவு இளம்பெண்களின் தோளில் இருக்கிறது. திருமணமாகி விலகுபவர்கள் பலர் என்பதால் ஆண்டுதோறும் புது அணியைத் தேர்ந்தெடுத்துப் பழக்க வேண்டும். மருத்துவர்களைத் தனியார் மருத்துவமனைகள் அதிகச் சம்பளம் தந்து அழைக்கின்றன. ஒரு குடும்பத்தின் தலைமுறைகள் முன்னின்று நடத்தும் அமைப்பு இது. அந்தக் குடும்பத்தின் ஒழுக்கமும் உழைப்பும் அதன் பலம். அவற்றைப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுப்பது கடினம். இங்கே வந்து பார்த்துவிட்டுப் போன பலரால் இரண்டு மேசை போட முடிந்தது. கட்டணப் பிரிவுக்கும் இலவசப் பிரிவுக்கும் ஒரே கணக்கேடு வைக்க எல்லோராலும் முடியவில்லை.

டாக்டர் வி 2006 ஜூலையில் காலமானார். அமைப்பு இப்போது ஆண்டுக்குப் பல லட்சம் அறுவை, லேசர் சிகிச்சைகள் செய்கிறது. அவற்றில் பாதியளவு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. கண்புரை இன்னும் முதல் வேலைதான். ஆனால் முன்னே வந்து நிற்பது சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு. கண்புரைக்காரருக்குப் பார்வை மங்குகிறது என்பதாவது தெரியும். விழித்திரை கெடத் தொடங்கியவருக்கு வலி இல்லை, மங்கலும் இல்லை. குறை தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நன்றாகப் பார்க்கிறவரை எதைச் சொல்லிக் கண் மருத்துவமனைக்கு அழைப்பது?

பஸ்ஸும் சாப்பாடும் இங்கே விடையாகாது. விழித்திரையைப் படம் பிடிக்கும் கருவியைச் சர்க்கரை நோயாளிகள் மருந்து வாங்கப் போகும் இடங்களுக்கே கொண்டுபோவது ஒரு வழி. படத்தைப் படிக்கும் வேலையில் கணினியைப் பழக்குவது இன்னொன்று. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016இல் வெளியிட்ட முதல் பெரிய ஆய்வுக்கு விழித்திரைப் படங்கள் தந்த இந்திய மருத்துவமனைகளில் அரவிந்தும் ஒன்று. 2019இல் அந்த மென்பொருள் மதுரையில் நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. படம் பிடித்த சில நொடிகளில் பாதிப்பு உண்டா இல்லையா என்று அது சொல்லிவிடுகிறது. பாதிப்பு உண்டு என்று தெரிந்தவரைச் சிகிச்சைவரை அழைத்து வருவதும், ஆண்டுதோறும் திரும்ப வரவைப்பதும் மென்பொருளின் வேலை அல்ல. அதற்கான முறையை மதுரையிலும் தேனியிலும் திருநெல்வேலியிலும் இப்போதுதான் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.